வறட்சிக் காலத்தில் அவுட்பேக் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அவுட்பேக் எனப்படும் வறண்ட ஆஸ்திரேலிய உள்நாட்டின் சாலைகளைப் பற்றி நான் எழுதிய சில வரிகளைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், வறட்சி உச்சத்தில் இருந்தபோது, சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில் வழியாக, நாட்டின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நானும் என் மனைவியும் காரில் போனோம். அந்த அனுபவத்தையும், அதற்கு முன்னும் பின்னும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பள்ளி விடுமுறையில், செப்டம்பர் கடைசியில், சிட்னியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை காரில் போய்த் திரும்ப என் கணவர் திட்டமிட்டிருக்கிறார். பத்து வயது மகனும் அறுபத்தெட்டு வயது மாமியாரும் உடன் வருகிறார்கள். கையில் இரண்டு வாரம் இருக்கிறது. வறட்சி நேரத்தில் போகவே வேண்டாம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடலாமா?
(ஒரு வாசகி, சிட்னி)

பதில்: வறட்சிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். விவசாயியின் கையில் காசு இல்லாத ஆண்டில் அந்த ஊரின் ரொட்டிக் கடையும் விடுதியும் பெட்ரோல் பங்கும் வழிப்போக்கரை நம்பித்தான் நடக்கின்றன. நீங்கள் கோபாரில் ஓர் இரவு தங்கி, புரோக்கன் ஹில்லில் இரண்டு வேளை சாப்பிட்டால், அது அந்த ஊருக்கு உண்மையான உதவி. நகரத்திலேயே எல்லாவற்றையும் வாங்கி நிரப்பிக்கொண்டு போய், அங்கே கழிப்பறையை மட்டும் பயன்படுத்திவிட்டு வருபவர்களைத்தான் உள்ளூர்க்காரர்கள் விரும்புவதில்லை.

செப்டம்பரும் நல்ல மாதம்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது.

எனக்குக் கவலை தருவது உங்கள் கணவர் போட்ட கணக்குதான். சிட்னியிலிருந்து டப்போ, நிங்கன், கோபார், வில்கேனியா வழியாகப் புரோக்கன் ஹில் ஏறக்குறைய 1,150 கி.மீ.; அங்கிருந்து போர்ட் அகஸ்டா 400 கி.மீ.க்குச் சற்று மேல்; பிறகு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பீடி இன்னும் 540 கி.மீ.; அதன் பிறகும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 690 கி.மீ. பாக்கி இருக்கிறது. போகவர ஐயாயிரத்து ஐந்நூறு கி.மீ.க்கு மேல் ஆகும். இரண்டு வாரத்தில் இதை முடிக்க, ஒரு நாள் விடாமல் தினமும் 400 கி.மீ. ஓட்ட வேண்டும். வயதானவரையும் சிறுவனையும் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு அப்படி ஓட்டினால், பார்ப்பதற்குப் போன நிலத்தைக் கண்ணாடி வழியாக மட்டும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். கூபர் பீடியோடு திரும்பிவிடுங்கள். 1915இல் ஓபல் கல் கிடைத்த நாளிலிருந்து வெயிலுக்கு அஞ்சிப் பாறையைக் குடைந்து வீடு கட்டி வாழும் அந்த ஊரில், நிலத்தடி அறை ஒன்றில் இரண்டு இரவு தங்கினால் உங்கள் மகன் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வேறொரு சமயம் விமானத்தில் போகலாம். கணவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் இரவுப் பணியில் பழகியவர். பகலில் வெயிலாக இருக்கும், இரவில் ஓட்டினால் சாலையும் காலியாக இருக்கும் என்கிறார். சரிதானா?
(அதே வாசகி)

பதில்: சரியில்லை. அதிலும் வறட்சியில் கொஞ்சமும் சரியில்லை.

கோபாரைத் தாண்டி மேற்கே போகும்போது நான் கண்டதைச் சொல்கிறேன். இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்; வறட்சியைத் தாங்கும் முல்கா மரங்கள் கூடச் சாம்பல் பூசியதுபோல நின்றன. ஆனால் தார் முடிகிற இடத்தில், சாலையின் இரு ஓரத்திலும், ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சைக் கோடு இழுத்தாற்போல் புல் முளைத்திருந்தது. தார் ஒரு சொட்டு நீரையும் குடிப்பதில்லை. எப்போதாவது விழும் தூறல் முழுவதும் வழிந்து ஓரத்து மண்ணில்தான் இறங்குகிறது. பரந்த நிலம் முழுவதற்கும் போதாத தண்ணீர் அந்தக் குறுகிய ஓரத்துக்குப் போதுமானதாகிவிடுகிறது. அந்தப் புல்லைத் தேடி எங்கிருந்தெல்லாமோ கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடுகின்றன. ஒன்று, விலா எலும்பு எண்ணும்படி மெலிந்தது, எங்கள் கார் பத்தடி தள்ளிக் கடந்தபோதுகூடத் தலையை நிமிர்த்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. பயப்படக்கூட அதற்குத் தெம்பு இல்லை என்று என் மனைவி சொன்னாள்.

கங்காரு பொதுவாக அந்தியிலும் இரவிலும் விடியலிலும் நடமாடுகிற விலங்கு. பசியில் பகலிலும் வரும். ஆனால் இருட்டிய பிறகு சாலையோரம் முழுவதும் அவைதான். விளக்கொளி பட்டதும் எந்தப் பக்கம் தாவும் என்று அதற்கே தெரியாது. ஒன்று கடந்து போய்விட்டால் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகவே பிரேக் பிடிக்க வேண்டும். சொல்ல மனம் வரவில்லை என்றாலும் சொல்கிறேன்: கங்காருவைத் தவிர்க்கப் போய்க் கார் உருண்டு இறந்தவர்கள் பலர்.

ஆகவே காலையில் வெயில் ஏறிய பிறகு கிளம்பி, மாலை ஐந்துக்குள் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டி விலங்கின்மேல் மோதினால் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. சிட்னி நேரத்துக்கு அரை மணி பின்னால். அங்கே போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிடும்போது இதை மறக்காதீர்கள்.

பகலில் ஓட்டும்போதும் இரண்டு பேரைப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒருவர் கழுகார். அடிபட்டுக் கிடக்கும் கங்காருவைத் தின்ன ஆப்புவால் கழுகுகள் சாலையில் உட்கார்ந்திருக்கும். சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். வயிறு நிறையத் தின்றுவிட்டு அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழும்ப அதற்கு நேரம் பிடிக்கும், எழும்பும்போது நேராக உங்கள் முன் கண்ணாடி உயரத்துக்குத்தான் வரும். தொலைவிலேயே ஹாரன் அடித்து, கிட்டத்தட்ட நிற்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். மற்றவர் மாட்டு மந்தைக்காரர். சொந்த நிலத்தில் மேய்ச்சல் தீர்ந்தவர்கள், பழைய மந்தைவழிகளான சாலையோரப் பொதுநிலங்களில் மாடுகளை வாரக்கணக்கில் மேய்த்துக்கொண்டே நடத்திப் போகிறார்கள். 'நீண்ட மேய்ச்சல் நிலம்' என்று அதற்குச் செல்லப் பெயர். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். மந்தை சாலையைக் கடந்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். குதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ வருபவர் தொப்பியைத் தொட்டுக் காட்டுவார், நீங்களும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்? வழியில் பிடித்துக்கொள்ள முடியாதா?
(ஒரு வாசகர், மெல்பர்ன்)

பதில்: குடிப்பதற்கு மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். சமையல், முகம் கழுவுதல் எல்லாம் சேர்த்தால் பத்து. தார்ச்சாலையை விட்டு இறங்காத நான்கு பேர் குடும்பத்துக்கு நாற்பது லிட்டருக்குக் குறையக் கூடாது. மண்சாலைக்குப் போகிறவர்கள் மூன்று நாள் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெரிய கேனில் நிரப்பாமல் நான்கைந்து சிறிய கேன்களில் நிரப்புங்கள்; ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும்.

வழியில் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை வறட்சி ஆண்டில் விட்டுவிடுங்கள். அங்கே பல ஊர்களில் குழாயில் வருவது நிலத்தடியிலிருந்து எடுக்கும் உப்புக் கரிக்கும் நீர்; குடிக்கத் தக்கது கூரையில் விழும் மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்த்த நீர்தான். மழையில்லாத ஆண்டில் அந்தத் தொட்டியின் அளவு அந்த வீட்டாருக்குச் சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்திருக்கும். கேட்டால் மறுக்கமாட்டார்கள், அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறேன். காரைக் கழுவுவதும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான்.

கேள்வி: ரோடு டிரெயினை முந்துவது எப்படி?
(ஒரு வாசகர், பெர்த்)

பதில்: அவசரமில்லாமல். ரோடு டிரெயின் என்பது பல டிரெய்லர்களைப் பூட்டிய நீண்ட லாரி; மூன்று டிரெய்லர் பூட்டியது 53.5 மீட்டர் வரை நீளம் இருக்கும். எதிரே ஒன்றரைக் கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வெளியே எடுங்கள். அதன் வாலை ஒட்டிப் போகாதீர்கள். ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. யூ.எச்.எஃப். என்னும் இருவழி வானொலி வைத்திருந்தால் 40ஆம் அலைவரிசையில் பேசலாம், லாரி ஓட்டுநர்கள் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள்.

வறட்சிக் காலத்துக்கென்று தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்போது அந்தச் சாலையில் போகும் லாரிகளில் பல, வெகு தொலைவிலிருந்து வைக்கோலும் தீவனமும் ஏற்றி வருபவை. நாங்கள் நிங்கனுக்கும் கோபாருக்கும் நடுவில் அப்படி ஒன்றின் பின்னால், முந்த மனமில்லாமல், முக்கால் மணி நேரம் பொறுமையாகவே போனோம். பொறுமைக்குக் கிடைத்த பரிசு, என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தி முன்மூடியைத் திறந்தால், ரேடியேட்டர் முழுவதும் வைக்கோல் துரும்பு பாய் முடைந்தாற்போல் அப்பிக்கிடந்தது. காற்றுப் போக இம்மியும் வழியில்லை. என் மனைவியின் தலைவாரும் சீப்பால் ஒவ்வொரு துரும்பாக எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தச் சீப்பைப் பற்றி இன்னும் பேச்சு வருகிறது. நீங்கள் ஒரு மெல்லிய பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பார்த்தால் சில மண்சாலைகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சப்படுத்துகின்றன. மழையே இல்லாதபோது மண்சாலையும் காய்ந்து நன்றாகத்தானே இருக்கும்?
(ஒரு வாசகர், அடிலெய்ட்)

பதில்: காய்ந்த மண்சாலை நல்ல சாலை என்பது பாதி உண்மை. ஈரம் இல்லாததால் மண் மாவாக அரைபட்டு, பள்ளங்களை மட்டமாக நிரப்பி, மேலே பார்த்தால் சமதளம்போலக் காட்டும். சக்கரம் இறங்கிய பிறகுதான் முழங்கால் ஆழம் என்று தெரியும். எதிரே ஒரு லாரி போனால் அது கிளப்பும் புழுதியில் அரை நிமிடம் எதுவும் தெரியாது. சாதாரண வாடகைக் காரை மண்சாலையில் ஓட்டுவதை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தடை செய்கின்றன. இரண்டு ஸ்டெப்னியும் உயரமான நான்கு சக்கர இயக்க வண்டியும் இல்லாதவர் நெடுஞ்சாலையிலேயே போகட்டும். அங்கேயும் கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே 250 கி.மீ. தூரம் பெட்ரோல் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். டேங்க் பாதியானால் நிரப்புவது அங்கே வழக்கம்.

மண்சாலையில்தான் போவேன் என்றால், புறப்படும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஊரை விட்டு வெளியே வந்ததும் கைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் அவசரகாலக் கருவியை, பி.எல்.பி. என்பார்கள், வாங்கி ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகராதீர்கள். 1963 டிசம்பரில், மாரிக்கும் பர்ட்ஸ்வில்லுக்கும் இடையிலான 517 கி.மீ. மண்சாலைப் பகுதியில், இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று பெட்ரோல் தீர்ந்து, காரை விட்டுத் தண்ணீர் தேடி நடந்தது. ஐவரும் தாகத்தில் இறந்தார்கள். மேலிருந்து தேடும் விமானத்துக்கு மனிதர்களைவிடக் கார் எளிதில் தென்படும். காரின் நிழல் நடப்பவனுக்குக் கிடைக்காது. இந்த ஒன்றை மட்டும் உங்களோடு வரும் எல்லோரிடமும், சிறுவர்கள் உட்பட, புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.

கேள்வி: 2019இல் வில்கேனியாவில் டார்லிங் ஆறு வற்றிப்போயிருந்ததாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவ்வளவு பெரிய ஆறு எப்படி வற்றும்? மீன்கள் இலட்சக்கணக்கில் செத்தது விஷத்தாலா?
(ஒரு கல்லூரி மாணவி, கான்பெரா)

பதில்: வில்கேனியா ஒரு காலத்தில் துறைமுகம். கம்பளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நீராவிப் படகுகள் அந்த ஆற்றில் போயிருக்கின்றன. அவற்றுக்கு வழிவிட நடுப்பகுதியை மேலே தூக்கும்படி 1896இல் கட்டிய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. நான் அந்தப் பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது கீழே, கரைகளுக்கு நடுவே, வெடித்த களிமண்ணும் ஒரு பச்சைக் குட்டையும் ஒரு சைக்கிள் சக்கரமும் இருந்தன. அந்த ஆற்றை அங்குள்ள பூர்வகுடிகளான பார்க்கிஞ்சி மக்கள் 'பார்க்கா' என்கிறார்கள், அவர்களுடைய பெயரே 'ஆற்றின் மக்கள்' என்ற பொருளில் அதிலிருந்து வருவதுதான். அப்படிப்பட்டவர்கள் குடிக்க, லாரியில் வரும் பாட்டில் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

டார்லிங் ஆற்றின் நீர் வில்கேனியாவில் பெய்யும் மழையால் வருவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தெற்குக் குவீன்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் பெய்யும் மழைதான் பல கிளையாறுகளாகச் சேர்ந்து வருகிறது. 2017 தொடங்கி மூன்று ஆண்டுகள் அங்கே மழை பொய்த்தது. 2019இல் நாடு முழுவதுக்குமான சராசரி மழை ஏறக்குறைய 277 மி.மீ. மட்டுமே, 1900இலிருந்து இருக்கும் பதிவில் மிகவும் வறண்ட ஆண்டு அது, மிகவும் வெப்பமான ஆண்டும் அதுவே. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும், இந்தோனேசியாவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்ததால், ஆஸ்திரேலியாவுக்கு வர வேண்டிய ஈரக்காற்று வரவில்லை. அதே காரணத்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம் வந்தது.

ஆனால் மழையின்மை மட்டும் காரணம் என்று சொன்னால் வில்கேனியாவில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேல்நிலத்தில் பருத்திக்கும் மற்றப் பாசனத்துக்கும் எடுத்த நீர் எவ்வளவு, விட்டிருக்க வேண்டியது எவ்வளவு என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. கடைமடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். சிறு மழைகளில் வரும் முதல் நீரை மேலேயே பிடித்துக்கொண்டால், கீழே குட்டைகள் புதுப்பிக்கப்படவே வழியில்லை.

மீன்களைக் கொன்றது விஷமில்லை, மூச்சுத் திணறல். 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் டார்லிங் கரையில் உள்ள மெனிண்டி என்ற ஊரின் அருகே நடந்தது இது: ஓட்டமில்லாத நீர் வெயிலில் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. மேலே சூடான நீர், அதில் நீலப்பச்சைப் பாசி. கீழே குளிர்ந்த, ஆக்சிஜன் இல்லாத நீர். திடீரென்று குளிர்காற்று வீசியதும் மேலடுக்கு குளிர்ந்து, இரண்டும் கலந்து, ஆற்றில் எங்குமே மீனுக்கு மூச்சு இல்லாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் வாழ்ந்த மர்ரே காட் மீன்கள், ஓர் ஆள் இரு கையாலும் தூக்க வேண்டிய பருமன் உள்ளவை, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன.

அதற்குள் புரோக்கன் ஹில் நகரம் டார்லிங்கை நம்புவதை விட்டுவிட்டது. மர்ரே ஆற்றங்கரையில் உள்ள வென்ட்வொர்த்திலிருந்து 270 கி.மீ. நீளக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நகரத்துக்குத் தாகம் தீர்ந்தது நல்லதுதான். ஆனால் டார்லிங்கில் நீர் இருக்க வேண்டும் என்று உரத்துக் கேட்கும் பெரிய ஊர் ஒன்று குறைந்துபோயிற்று என்று மெனிண்டியில் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். வில்கேனியாவின் பாலத்தைப் பார்க்க நீங்கள் போனால் ஆற்றையும் இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: வழிக்குப் பழங்கள், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் எடுத்துப் போகலாமா?
(ஒரு வாசகி, பாரமட்டா)

பதில்: புரோக்கன் ஹில் வரை தின்று தீர்த்துவிடுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ நுழையாமலிருக்க எல்லைக்கு அப்பால் உட்லா விர்ராவில் சோதனைச் சாவடி இருக்கிறது, மறைத்து வைத்திருந்தால் அபராதம். சமைத்த உணவுக்குத் தடையில்லை.

கேள்வி: போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே கூரையில்லாத கல்வீடுகள் பல பாழடைந்து நிற்பதைப் படத்தில் பார்த்தேன். வறட்சியில் விட்டுப்போன வீடுகளா?
(ஒரு வாசகர், பிரிஸ்பேன்)

பதில்: ஆமாம், ஆனால் நம் காலத்து வறட்சி இல்லை. 1865இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர், குதிரையில் அலைந்து, எங்கே வறண்ட நிலத்துக்குரிய உப்புப் புதர் தொடங்குகிறது என்று செடிகளைப் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு வடக்கே பயிர் நம்பத் தகாதது, ஆடு மேய்க்கலாம் என்பது அவர் கணிப்பு. 1870களில் சில ஆண்டுகள் நன்றாக மழை பெய்யவே, ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும் என்று சொல்லிக்கொண்டு, அவரைக் கேலி செய்துவிட்டுக் கோதுமை விதைக்கக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். 1878இல் ஓர் ஊருக்கு மாவு என்று பொருள்படும் ஃபரினா என்ற இலத்தீன் பெயரை வைத்தார்கள் என்றால் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் என்று பாருங்கள். 1880களில் மழை பழைய கணக்குக்கே திரும்பிற்று. ஃபரினாவில் இன்று நிற்பவை சுவர்கள்தாம். சாவகாசமாக நடந்து பார்க்கலாம். கல்லை எடுத்து வராதீர்கள்.

கேள்வி: நாங்கள் அங்கே இருக்கும்போது மழை வந்துவிட்டால்?
(ஒரு சிறுவன், சிட்னி, முதல் கடிதத்தின் அடியில் பென்சிலில் எழுதியிருந்தது)

பதில்: நல்ல கேள்வி தம்பி, பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. மழை வந்தால் மண்சாலைகளை உடனே மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போனால் அப்பா பெரிய அபராதம் கட்ட வேண்டியிருக்கும். காய்ந்த ஓடையில் தண்ணீர் வந்தால் ஆழம் தெரியாது, காரை இறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே இன்னும் ஒரு நாள் தங்கிவிடுங்கள். அறைக்குள் இருக்காதே, வாசலுக்கு வந்து நில். விடுதிக்காரர், சமையல்காரர், எதிரே பெட்ரோல் பங்குக்காரர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அங்கேதான் நனைந்துகொண்டு நிற்பார்கள்.